கழுத்துக்குக் கீழே எடுத்த படம்

கவிதா மூன்று தடவை அழைத்துவிட்டாள். நான் வேலை பார்த்த கூட்டு நிதியைப் போன வருடம் ஒரு பெரிய அறக்கட்டளை தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே இப்போது அவள்தான் திட்ட அதிகாரி. ராவாங்கில் ஒரு ஹோட்டலில் பட்டறை வைக்கிறார்களாம். பல கொடை அமைப்புகள் ஒன்றுகூடி வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு எப்படி உதவுவது, பழைய வழக்கங்களில் எதை மாற்றிக்கொள்வது என்று நான் வந்து பேச வேண்டுமாம்.

"அரை மணி நேரம் போதும் லா ஆண்டி. அந்தக் கால் கேஸ் இருக்கே, அதச் சொல்லுங்க. ஃபைல் பார்த்தேன். ரெண்டே நாள்ல ஃபுல் அமவுண்ட் கலெக்ட் ஆயிருக்கு. உங்க ஹிஸ்டரியிலேயே அதுதான் பெஸ்ட் அப்பீல்."

கோப்பில் அப்படித்தான் இருக்கும். எழுதியவளே நான்தான். மூட்டு வலி, வர முடியாது என்று சொன்னேன். வலி பொய்யில்லை. இருந்தாலும் அந்தக் கேஸை ஒரு வெற்றி என்று மேடையில் நின்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. வேண்டுமானால் கோப்பில் விட்டுப்போனதை எழுதித் தருகிறேன், படித்துவிட்டு என்னவோ செய்துகொள் என்றேன்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் நான். தோட்டத்தை விற்று எங்களை வெளியேற்றிய பிறகு புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் நின்றுகொண்டே வேலை செய்தேன். கால் நரம்பு சுருட்டிக்கொண்டது, வேலையை விட்டேன். கூட்டு நிதிக்குக் களப்பணியாளர் தேவை என்று கோவிலில் சொன்னார்கள். பயிற்சி ஒரு வாரம். முதல் நாள் படிவம் நிரப்பக் கற்றேன். மிச்ச நாளெல்லாம் எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த அம்மாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகச் சுற்றினேன். அப்புறம் பத்தொன்பது வருடம்.

அந்த நிதியில் ஐந்து அமைப்புகள். ஒரு கோவில் நிர்வாகம், வணிகர் சங்கம், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், மாதர் சங்கம், கோலாலம்பூரில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் அறக்கட்டளை. தனித்தனியாகக் கொடுத்தபோது ஒரே வீட்டுக்கு மூன்று பேர் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டை எவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் கூடினார்கள். நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடிய பிறகும் அவரவர் படிவத்தை ஒருவரும் விடவில்லை. ஒரு விதவைக்குத் தையல் இயந்திரம் வாங்க நான் ஐந்து படிவம் நிரப்ப வேண்டும், ஐந்து படம் ஒட்ட வேண்டும், அடையாள அட்டை நகலும் மின்சார பில்லும் ஐந்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டம். ஐவரும் கையெழுத்துப் போட்டால்தான் காசோலை.

அதற்குப் பிறகு வழங்கும் விழா. கோவில் மண்டபத்தில் பதாகை கட்டி, கதவு அளவுக்கு ஒரு அட்டைக் காசோலை செய்து வைத்திருப்பார்கள். அதன் ஒரு முனையைத் தலைவர் பிடிப்பார், மறு முனையை உதவி பெறுபவர் பிடிக்க வேண்டும். சிரிக்கவும் வேண்டும். யார் நடுவில் நிற்பது என்று ஐந்து பிரதிநிதிகளும் பார்வையாலேயே சண்டை போடுவார்கள். வெயிலில் காய்ந்து வந்த மனுஷி அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டால், "பரமேஸ், அந்தம்மாவ நிமிரச் சொல்லு" என்று எனக்குத்தான் உத்தரவு வரும். நானும் நிமிரச் சொல்வேன்.

தலைவர் இராஜரத்தினம் ஐயா. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கூட்டத்துக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். படிவத்தின்மேல் கோடு போடும் அடிமட்டத்தை வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே உரக்க வாசிப்பார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்ப்பார். "இத நீ கண்ணால பார்த்தியா, யாரும் சொல்லிக் கேட்டியா?" கேட்டதுதான் என்றால் இரண்டு விரலால் தாளை என் பக்கம் தள்ளிவிடுவார். "பார்த்துட்டு வா." அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவசரம் ஐயா என்று ஒரு முறை கெஞ்சினேன். "அவசரம் எல்லாருக்குந்தான் இருக்கு பரமேஸ். அதனாலதான் வரிசைன்னு ஒன்னு வச்சிருக்கு" என்றார். எரிச்சலாக வரும். ஆனால் அவர் கையில் ஒரு வெள்ளிக் காசு கூடத் தப்பான ஆளுக்குப் போனதில்லை. அந்த மரியாதை எனக்கு உண்டு.

எங்கள் ஆட்கள் தோட்டத்தை விட்டுக் கிளம்பக் கிளம்ப, அதே எண்ணெய்ச் செம்பனைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், பிறகு தமிழ்நாடு. லயம் நிறைய புது ஜனம். நான் பழைய கிழவர்களுக்கு மருந்துச் சீட்டு வாங்கப் போகும்போது அவர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள். எங்கள் படிவத்தில் அவர்களுக்கு இடமும் இல்லை.

தங்கபாண்டி விஷயம் அப்படித்தான் என்னிடம் வந்தது. ஜெராம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், இருபத்தாறு வயது, ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். பழக்குலை ஏற்றிய டிரெய்லர் மழைச் சேற்றில் சாய்ந்து இடது காலை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலைக்குக் கொண்டுவந்த குத்தகைக்காரன் முன்பணம் கட்டினான், ஒரு தடவை ஆரஞ்சு வாங்கி வந்தான், அப்புறம் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டான். வேலை பெர்மிட்டும் புதுப்பிக்கப்படாமல் முடிந்திருந்தது. கூட வேலை செய்தவர்கள் அவரைத் தூக்கி வந்து, பலகையும் தகரமுமாக அடித்த தங்கள் கொங்சி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் போனபோது பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"காசு பணம் வேணாங்கா. ஒரு காலு மட்டும் மாட்டிவிட்ருங்க. ஏர்போட்டுக்கு எங்காத்தா வந்து நிக்கும். நான் நடந்து வெளிய வரணும். வீட்டுக்குப் போயி, உக்கார வச்சு, மெதுவாச் சொல்லிக்கிறேன்."

"இன்னும் சொல்லலியா தம்பி?"

"எங்கய்யா செத்தப்ப மூணு நாளு பேச்சு மூச்சில்லாமக் கெடந்துச்சுக்கா ஆத்தா. வேற யாரும் இல்ல அதுக்கு. வீடியோ கால் வந்தா இடுப்புக்கு மேலதான் காட்டுறேன். மிஷின் வேலைக்கு மாத்திட்டாங்க, உக்காந்தே பாக்குற வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

புண் ஆறி, அளவெடுத்து, பொய்க்கால் செய்து, நடக்கப் பழக இரண்டு மூன்று மாதம். குடிநுழைவுத் துறையில் தண்டம் கட்டி வெளியேற அனுமதி வாங்க வேண்டும். விமானச் சீட்டு. அதுவரை சாப்பாடு, மருந்து. எல்லாவற்றையும் ஐந்து படிவத்தில் எழுதிக் கொண்டுபோனேன். நல்ல வேளை, அந்த வாரமே கூட்டம் இருந்தது.

வணிகர் சங்கத்துக் குணசீலன் முதலிலேயே கையைத் தூக்கினார். "நம்ம பிள்ளைங்களுக்கே பத்தல. இந்தியாக்காரனுக்கு அவன் முதலாளி இல்லையா? நாளைக்கு வங்காளி வருவான், பங்களா கேப்பான்." மாதர் சங்கத்து அம்மாவுக்கு மனம் இளகியது, ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறதே என்றார். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் அடிமட்டத்தை மேலே கொண்டுபோய் முதல் வரியில் வைத்தார்.

"இதுல அடையாள அட்டை எண்ணுன்னு இருக்கு. குடிமகனாங்கிற கேள்வி எங்கயும் இல்ல. பாஸ்போர்ட் நம்பர எழுதிக்க பரமேஸ்."

எங்கள் தாத்தாக்களும் இப்படித்தான் வந்தார்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கிராணி மூளை, வரியில் வழி கண்டுபிடித்தது, அவ்வளவுதான். குணசீலன் இறங்கி வந்தார். ஆனால் முகவரி இல்லாத ஆள், மின்சார பில்லும் கிடையாது, எந்தச் சான்றும் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது, படமாவது வேண்டும் என்றார். அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. அத்தனை வருடமாக நான் எடுக்காத படமா?

தங்கபாண்டி மாட்டேன் என்றார். மறுநாளும் போனேன், அன்றும் மாட்டேன் என்றார். மூன்றாம் முறை போனபோது நான் களைத்துப்போயிருந்தேன். வேறு இரண்டு கேஸ் காத்துக்கொண்டிருந்தது. "முகம் வராது தம்பி. கழுத்துக்குக் கீழதான் எடுப்பேன். அஞ்சு பேருதான் பாப்பாங்க. இது இல்லாட்டி கையெழுத்து விழாது" என்றேன்.

"ஆத்தாவுக்குத் தெரிஞ்சிறாதுல்லக்கா?"

"தெரியாது. நான் பொறுப்பு."

அவர் இடுப்புச் சாரத்தை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டார். இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட மொட்டைக் காலும், சிமெண்டுத் தரையில் ஊன்றிய வலது காலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நான் குனிந்து எடுத்தேன். நன்றாக வந்திருந்தது. முகத்தை விட்டுவிட்ட சாமர்த்தியத்துக்காக எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.

ஐந்து பிரதிநிதிகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து பேர் பார்த்தார்கள், ஒருவர் அழுதார். அழுதவர் குணசீலன். இந்தியாக்காரன் என்று கையைத் தூக்கிய அதே மனிதர்தான். உடனே தன் சங்கத்துக் குழுவில் போட்டார். 'மலேசியாவில் காலை இழந்து தவிக்கும் தமிழ் இளைஞன்' என்று தலைப்பும் வைத்து, தலைவரின் தொலைபேசி எண்ணையும் கீழே போட்டார். நல்ல மனசில் செய்ததுதான். அந்தக் குழுவிலிருந்து கிள்ளானுக்குப் போயிற்று, ஈப்போவுக்குப் போயிற்று, சிங்கப்பூருக்குப் போயிற்று. ஒருபோதும் கொடுக்காதவர்களெல்லாம் கொடுத்தார்கள். இரண்டே நாளில் பொய்க்காலுக்கும் பயணத்துக்கும் சேர்த்து வந்துவிட்டது. கவிதா கோப்பில் பார்த்தது அதைத்தான்.

படம் அனுப்பிய நான்காம் நாள் காலையில் கொங்சியிலிருந்து அழைத்தார்கள். வாங்க, பாண்டி பேச மாட்டேங்கிறான் என்றார்கள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூட இருந்தவர்தான் சொன்னார். கிராமத்து டீக்கடையில் யாரோ அந்தப் படத்தைக் காட்டி, மலேசியாவில் எவனோ பாவம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பால் ஊற்ற வந்த பாண்டியின் அம்மா எட்டிப் பார்த்திருக்கிறாள். தங்கபாண்டிக்குப் பிறவியிலிருந்தே வலது காலில் இரண்டாவது விரல் பெருவிரல்மேல் ஏறிக்கிடக்கும். வெட்டுப்பட்ட காலை அவள் பார்க்கவே இல்லையாம். மிச்சமிருந்த காலைப் பார்த்துத்தான், "இது எம்புள்ள" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்தபடியே, "முகந்தான் தெரியாதுன்னீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. அழுதால் என்னையும் அவர்தான் தேற்ற வேண்டியிருக்கும் என்று எழுந்து வெளியே போய் நின்றேன்.

இராஜரத்தினம் ஐயாவிடம் சொன்னேன். அவர் எதையும் கேட்டு நம்புகிறவர் இல்லையே, அன்று மத்தியானமே பழைய காரை ஓட்டிக்கொண்டு செம்மண் பாதையில் வந்துவிட்டார். கொங்சி வாசலில் செருப்பைக் கழற்றினார். அங்கே யாருமே செருப்பைக் கழற்றுவதில்லை, தரை அப்படி. உள்ளே வந்து நின்றார்.

"ஐயா யாரு?" என்றார் தங்கபாண்டி.

"என் நம்பர்தான் அதுல இருந்துச்சு."

"நீங்களா அனுப்புனீங்க?"

"நான் அனுப்பல. ஆனா படம் வேணும்னு கேட்ட கூட்டத்துக்கு நான்தான் தலைவர். தப்பு எங்களோடது தம்பி."

அவர் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தங்கபாண்டி தலையை ஆட்டினார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. "இனிமே காலு எதுக்குங்கய்யா? ஆத்தா சோறு தண்ணி இல்லாமக் கெடக்காம். டிக்கெட்டப் போட்டு விடுங்க, போறேன்" என்றார். அளவெடுக்கப் புண் இன்னும் ஆற வேண்டியிருந்தது. இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சினேன். கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் அனுமதி வாங்கினோம். நாங்கள் சேர்த்த காலுக்கான பணத்தை மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பி அங்கேயே செய்துகொள்ள ஏற்பாடு செய்தார் தலைவர். விமான நிலையத்தில் ஒரு பணியாளர் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். ஊன்றுகோல் இரண்டும் மடியில் கிடந்தன. எப்படி வெளியே வரக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தாரோ, அப்படியே தாயின் முன்னால் போய் இறங்கினார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கடிகாரத்தைக் கழற்றினார். ஆனால் அடிமட்டத்தை எடுக்கவில்லை. நான்கு விஷயம் சொன்னார். ஐந்து படிவம் இனிமேல் கிடையாது, ஒன்றுதான். வெளிநாட்டுத் தொழிலாளி விஷயத்தில் மூன்று மாதம் காத்திருக்க முடியாது, தொலைபேசியில் மூன்று பேர் சரி என்றால் போதும். பேருந்துக் காசு, மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞர் என்று மேடையில் காட்ட முடியாத செலவுக்குப் பரமேஸ் கையில் ஒரு தொகை இருக்கும். படம் கிடையாது, விழா கிடையாது, பரமேஸ் பார்த்தேன் என்றால் அதுதான் சான்று. புதுப் படிவத்தின் முதல் கேள்வியை அவரே தன் கையால் எழுதிக் கொடுத்தார்: 'இது யாருக்குத் தெரியக் கூடாது?'

பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்த படிவங்களில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அதற்கு என்னென்ன பதில் வந்தது தெரியுமா? முதலாளி, மனைவி, ஏஜெண்ட், கூட்டாளி, ஊர்க்காரன், தூதரகம். ஒரு இந்தோனேசியப் பெண் தன் சொந்தத் தங்கை பெயரைச் சொன்னாள். அதைக் கேட்காமல் நாங்கள் அத்தனை வருடம் எத்தனை பேரை நிமிரச் சொல்லிப் படம் எடுத்தோம் என்று இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கவிதா, இதோடு முடிந்திருந்தால் நானே ஹோட்டலுக்கு வந்து பேசியிருப்பேன். படத்தை நிறுத்தியதும் பணமும் நின்றுபோயிற்று. குணசீலன் ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். "ஆளுங்களுக்கு எதையாச்சும் காட்டணும் ஐயா. கண்ணுல படாததுக்கு எவன் குடுக்குறான்?" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். வணிகர் சங்கம் விலகியது. முன்னாள் மாணவர்கள் மெதுவாகக் கழன்றுகொண்டார்கள். தலைவர் காலமான பிறகு மிச்சத்தை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். கூடிக் கொடுப்பதென்றால் பணத்தோடு பெருமையையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். பணத்தைக் கொடுக்க வந்தவர்கள் நிறைய, பெருமையை விட்டுக்கொடுத்தவர் என்று நான் தலைவர் ஒருவரைத்தான் பார்த்தேன். உங்களிடம் பெரிய தொகை இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் தெம்பு எனக்கு இல்லை.

தங்கபாண்டி ஊருக்குப் போய் ஒரு மாதம் இருக்கும், அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். பேசியது அம்மா. என்னை நன்றாகத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் இருந்தது.

"படம் எடுத்த தாயி நீதானா?"

"ஆமாம்மா."

"ஒண்ணுமில்ல தாயி. புள்ள வந்துட்டான், நல்லாருக்கான். அந்தப் படத்துல அவங் கையி ரெண்டும் வெளிறிக் கெடந்துச்சு, அதான் கண்ணுலயே நிக்குது. இவங்கிட்டக் கேட்டா ஞாபகம் இல்லங்கிறான். அன்னிக்கி அவன் சாப்பிட்டிருந்தானா?"

அவருடைய பாஸ்போர்ட் எண், இரத்த வகை, கால் எடுத்த தேதி, வெட்டின உயரம் வரைக்கும் ஐந்து படிவத்தில் எழுதியவள் நான். நாலைந்து நாள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"சாப்பிட்டாரும்மா" என்றேன்.

"நல்லாரு தாயி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.